வீழ்த்திய பின்னர்

சென்ற ஆண்டு ஒரு நாள் விடியற்காலையில் பதுளை பஸ் நிலையத்தில் நாம் காத்து நின்றோம். கொழும்பிலே போட்டி முடித்து இரவு பஸ்ஸில் திரும்பும் எமது மாணாக்கன் ஒருவனை எதிர்கொள்வதற்காகவே அங்கு சென்றிருந்தோம். அவனுடைய தாயாரும் வந்திருந்தார். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். அன்றைய பேரை இழந்து வந்தவர். பையன் வெறுங்கையுடன் இறங்கினான். பதக்கத்தைப் பற்றித் தாயார் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "கை காலுக்கு ஒண்ணும் ஆகலையே, சாமி?" என்று அவன் தோளைத் தடவிப் பார்த்தார். பின்பு அவர் எம்மை நிமிர்ந்து நோக்கியபோது எமக்குத் தலை தாழ்ந்தது. "நீ கற்ற ஜூடோவே போதும், தைரியமாகப் போய் வா" என்று அவனை அனுப்பி வைத்தவர் நாமல்லவா?

நடந்தது இதுதான். பாடசாலை ஜூடோப் போட்டிகளில் அவன் பெயர் பெற்றவன். எதிரியின் கைக்குக் கீழே புகுந்து, முதுகைத் திருப்பி, தோளுக்கு மேலாகத் தூக்கி எறியும் 'செயோய்-நாகே' அவனுக்குக் கைவந்த வித்தை. ஆனால் அவன் சென்றதோ பிரேசிலிய ஜியு-ஜிட்சுப் போட்டிக்கு. உடுப்பும் விரிப்பும் ஏறக்குறைய அதே மாதிரியானவை. ஆட்டம் தொடங்கியவுடனே தன் எறிதலுக்குத் திரும்பினான். எதிரி இடுப்பைத் தாழ்த்திக்கொண்டான். எறிதல் பிசகியது, பையன் முழங்காலில் விழுந்து ஆமைபோலச் சுருண்டான். ஜூடோவில் இத்தகைய நிலையில் சிறிது நேரத்துக்குள் நடுவர் 'மத்தே' என்று ஆட்டத்தை நிறுத்தி இருவரையும் எழுப்பி விடுவார். அந்தக் குரலுக்காக அவன் காத்துக் கிடந்தான். குரல் வரவில்லை. எதிரி முதுகிலேறிக் கால்களைக் கொளுவி, சட்டைக் கழுத்தைப் பற்றி நெரித்தான். ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

குற்றம் பையனுடையதன்று. திருக்குறளில் ஐம்பதாவது அதிகாரம் இடனறிதல். ஆழமான நீரில் எவரையும் வெல்லும் முதலை, கரையேறினால் பிறரிடம் தோற்கும் என்று ஆண்டுதோறும் வகுப்பிலே விளக்கம் கூறும் நாம், எமது முதலையைக் கரையில் விட்டுவிட்டு வீட்டிலிருந்தோம்! அந்த வெட்கம் பொறுக்காமல், விளையாட்டுத்துறை ஆசிரியரையும் பையனையும் அழைத்துக்கொண்டு, ஒரு கொப்பியுடன் போட்டி விதிகளை எழுத்தெண்ணிப் படிக்க உட்கார்ந்தோம். அப்போது கற்றவற்றை இங்கே கூறுவது, இத்துறையில் ஈடுபட விரும்பும் பிற மாணவர்க்கும் பயன்படக்கூடும்.

இவ்விரு வித்தைகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. ஜிகோரோ கானோ என்னும் ஜப்பானியக் கல்விமான் 1882ஆம் ஆண்டு தோக்கியோ நகரில் ஜூடோவை நிறுவினார். அவருடைய கழகத்தில் பயின்ற மிட்சுயோ மயேதா 1914இல் பிரேசிலை அடைந்தார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியும், அவருடைய தம்பி ஹீலியோவும் நிலத்திற் கிடந்து பொருதும் முறையை வளர்த்தெடுத்தனர். ஜூடோவோ எறிதலுக்கே முதன்மை அளித்தது. எதிரியை வேகமும் வலிமையும் கட்டுப்பாடும் பொருந்த மல்லாத்தி எறிந்தால் 'இப்பொன்'. ஆட்டம் அத்துடன் முடியும். ஜியு-ஜிட்சுவில் அதே எறிதலுக்கு 2 புள்ளிகள் மாத்திரமே. அதுவும் வீழ்த்தியவன் மூன்று விநாடி எதிரியை அடக்கி வைத்திருந்தால்தான்.

1951ஆம் ஆண்டு ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா அரங்கில் மசஹிகோ கிமுரா என்னும் ஜூடோ வீரரும் ஹீலியோ கிரேசியும் பொருதினர். கிமுரா திரும்பத் திரும்ப எறிந்தார்; ஒப்புக்கொண்ட விதிப்படி எறிதல் வெற்றியாகாது. இறுதியில் கீழே கிடந்த ஹீலியோவின் கையை அவர் முதுகுப்புறமாக முறுக்கிப் பூட்டியபோதுதான், தமையனார் கார்லோஸ் துவாயை வீசி ஆட்டத்தை நிறுத்தினார். அந்தப் பூட்டு இன்றும் 'கிமுரா' என்றே வழங்குகிறது.

சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு சம்மேளனத்தின் புள்ளிக் கணக்கைப் பாருங்கள். வீழ்த்துவதற்கு 2, கீழே கிடப்பவனுடைய கால்களின் காவலைக் கடப்பதற்கு 3, வயிற்றில் முழங்காலூன்றி நிற்பதற்கு 2, மார்பின்மேல் ஏறி அமர்வதற்கு 4, முதுகைப் பற்றிக் கால் கொளுவுவதற்கும் 4. முதுகைக் காட்டும் எறிதல் பிசகினால், இரண்டு புள்ளிக்கு ஆசைப்பட்டு நான்கு புள்ளியைத் தட்டில் வைத்துக் கொடுத்ததாகும், கழுத்துக்கும் ஆபத்து.

ஆகவே, ஒவ்வோர் எறிதலையும் மூன்று வினாக்களால் சோதித்தோம். பிசகினால் நாம் எங்கே கிடப்போம்? பலித்தால் எங்கே இருப்போம்? எதிரி நிற்கும் நிலை அதற்கு இடந்தருமா?

இரவில் லயத்தின் வாசலில் பையன் இவற்றைத் தாயாருக்கு விளக்கினானாம். "இதுக்கு என்ன படிப்பு வேணும்? மலையில கொழுந்துக்குக் கைய நீட்டுறதுக்கு முந்தி, கால் எங்க நிக்குதுன்னு பாக்கிறதில்லையா?" என்றாராம் அவர். முதல் வினாவை நாம் இத்தனை தெளிவாகக் கூறவில்லை.

இடுப்பிலும் தொடையிலும் திருப்பி எறியும் 'ஹராய்-கோஷி', 'உச்சி-மாட்டா' ஆகியவையும் முதல் வினாவிலே சறுக்கின. முதுகைக் காட்டுவதோடு, ஒற்றைக் காலிலும் நிற்கவேண்டும். எதிரியின் பக்கமாகச் சென்று அவன் காலைப் பின்னிருந்து வெட்டி மல்லாத்தும் 'ஓ-சோட்டோ-காரி' நல்லது. பலித்தால் அவனுடைய கால்களுக்கு வெளியே, பக்கவாட்டில் இருப்போம். காவலைக் கடக்கும் வேலை மிச்சம். ஆயினும் அது நெட்டையர்க்கே உகந்தது. எமது பையனோ குட்டை.

அவனுக்கென்று மூன்றைத் தெரிந்தோம். முதலாவது 'ஓ-உச்சி-காரி'. முகத்துக்கு முகம் நின்று, எதிரியின் கால்களுக்கிடையே காலை விட்டு உட்புறமாக வாருவது. பிசகினாலும் நின்ற நிலை மாறாது, முதுகும் தெரியாது. இரண்டாவது, குதிகாலைக் கையாற் பற்றி இழுப்பது. சர்வதேச ஜூடோவில் காலைக் கையாற் பிடிப்பது 2010ஆம் ஆண்டு முதல் கட்டுப்படுத்தப்பட்டு, 2013இல் அறவே விலக்கப்பட்டது. ஜியு-ஜிட்சுவில் அத்தடை இல்லை. அங்கு பலர் இடுப்பைப் பின்னே தள்ளிக் குனிந்தே நிற்பதால், முன்னே நிற்கும் பாதம் கைக்கெட்டும். மூன்றாவது 'தோமோயே-நாகே'. எதிரியின் வயிற்றிற் பாதத்தை வைத்து, தான் மல்லாந்து வீழ்ந்தே அவனைத் தலைக்கு மேலாக எறிவது. ஜூடோவில் இது பிசகினால் அமுக்கப்படும் அபாயமுண்டு. இங்கோ எமது கால்கள் அவனுக்கும் எமக்கும் நடுவே காவலாய் நிற்கின்றன.

"அப்படியென்றால் செயோய்-நாகேயை விட்டுவிட வேண்டுமா, சேர்?" என்று பையன் கேட்டபோது அவன் குரல் கம்மியது. ஐந்தாண்டு அப்பியாசம் அல்லவா? விடவேண்டியதில்லை என்று வழி காட்டியவர் விளையாட்டுத்துறை ஆசிரியரே. செயோய்-நாகேக்குத் திரும்புவதுபோலப் பாசாங்கு செய்தால் எதிரி பின்னே சாய்வான். சாய்ந்தவனை ஓ-உச்சி-காரியால் வாரினால், அவன் சாயும் திசையிலேயே வீழ்வான். பழைய வித்தை புதியதற்கு ஏவலாளாயிற்று.

ஓர் எச்சரிக்கை. முதலில் விழக் கற்காமல் எவரும் எறியக் கற்கலாகாது. பக்கவாட்டிற் பாய்ந்து கால்களைக் கத்தரிபோல் மாட்டும் 'கானி-பசாமி'யை நினைக்கவும் வேண்டாம். 1980இல் ஜப்பானின் மாவீரர் யசுஹிரோ யமஷிதாவின் காலை முறித்தது அதுவே. மேற்கூறிய சம்மேளனத்தின் விதிகளும் அதைத் தடுக்கின்றன. பின்னே அமர்ந்து வீழ்த்தும் 'தானி-ஒட்டோஷி'யில், எமது உடற்பாரம் எதிரியின் முழங்கால்மேல் விழுந்தால் மூட்டு பிசகும். தேர்ந்த ஆசிரியர் அருகில்லாமல் அதைப் பழகலாகாது. தோட்டத்துப் பிள்ளைக்குக் கால் முறிந்தால் ஒரு குடும்பமே தடுமாறும்.

இவற்றையெல்லாம் புதுமை என்று எண்ணிய எமக்குப் புறநானூற்றின் எண்பதாவது பாட்டு நினைவுக்கு வந்தது. ஆமூர் மல்லனைப் போரவைக் கோப்பெருநற்கிள்ளி வென்ற நிலையைச் சாத்தந்தையார் பாடுகிறார். மல்லனை வீழ்த்தியதோடு புலவர் நிறுத்தவில்லை. கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பில் ஊன்றியிருக்கிறது. மற்றக் கால் அவன் செய்யும் உபாயங்களைத் தடுத்துப் பின்னே நிற்கிறது. இந்தக் காட்சியை அவன் தந்தையாகிய தித்தன் காணவேண்டும் என்று புலவர் விரும்புகிறார். இத்தனை காலம் இப்பாட்டைப் படிப்பித்தும், அந்த இரண்டாவது காலை நாம் கவனித்ததில்லை.

இவ்வாண்டு பையன் மீண்டும் கொழும்புக்குச் சென்றான். இம்முறை நாமும் உடன் சென்றோம். முதலாட்டத்தில் பாசாங்கு பலித்தது. வாரி வீழ்த்தி இரண்டு, காவலைக் கடந்து மூன்று, ஆக ஐந்து புள்ளிகளால் வென்றான். இரண்டாவது ஆட்டத்தில் தன்னிலும் தேர்ந்த ஒருவனிடம் இரண்டு புள்ளிகளால் தோற்றான். ஆயினும் ஐந்து நிமிடமும் முழுமையாக நின்று பொருதான். ஒரு தடவையேனும் முதுகைக் கொடுக்கவில்லை.

பதக்கமில்லாமலே பதுளைக்குத் திரும்பினோம். பஸ் நிலையத்தில் தாயார் நின்றிருந்தார். அன்றும் ஒரு பேர் போயிற்று. பையன் அவர் கேட்குமுன்பே, "கை காலுக்கு ஒண்ணும் ஆகல, அம்மா" என்றான். அவர் சிரித்தார். இம்முறை நாமும் அவரை நிமிர்ந்து பார்த்தோம்.