திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தில் பண்பாடும் அடையாளமும்

திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரம் என்பது தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில், சென்னைக்குத் தென்மேற்கே அமைந்துள்ள தொழிற்சாலைப் பகுதியாகும். திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் ஆகியவை இதன் முக்கிய ஊர்கள். மகிழுந்துகள், சரக்குந்துகள், செல்பேசிகள், கண்ணாடி, வீட்டு மின்சாதனங்கள் முதலியன இங்கு உற்பத்தி செய்யப்படுகின்றன. ஏரிப்பாசன வேளாண்மையை நம்பியிருந்த ஊர்கள் ஒரே தலைமுறைக் காலத்தில் உலகச் சந்தைக்குப் பொருள் செய்யும் இடமாக மாறின.

இம்மாற்றத்தின் பொருளாதாரப் பக்கம் பரவலாகப் பேசப்படுகின்றது. பண்பாட்டுப் பக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இங்கு பிறந்தோர், இங்கு பணிபுரிய வந்தோர், நிலத்தை விற்றோர் அல்லது இழந்தோர் ஆகியோருள் யார் இவ்வூரார் என்ற கேள்வி இன்னும் தீராமல் உள்ளது. இக்கட்டுரை அக்கேள்வியை ஆய்கின்றது. பன்னாட்டு முதலீட்டால் இதே போன்ற மாற்றத்தைச் சந்தித்த அயர்லாந்து ஒப்பீட்டிற்காக எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

பழைய அடையாளங்கள்

தொழிற்சாலைகளுக்கு முன்னர் திருப்பெரும்புதூர் இரண்டு காரணங்களுக்காக வெளியுலகில் அறியப்பட்டது. ஒன்று, வைணவ ஆச்சாரியர் இராமானுசர் பிறந்த ஊர் என்பது. மரபுப்படி அவர் பிறந்த ஆண்டு 1017. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் உள்ள அவரது திருவுருவம் 'தானுகந்த திருமேனி' எனப் போற்றப்படுகின்றது. சித்திரைத் திருவாதிரையை ஒட்டி நடைபெறும் விழா இவ்வூரின் பெருவிழாவாகும். 2017இல் அவரது ஆயிரமாவது ஆண்டு கொண்டாடப்பட்டது. மற்றொன்று, முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தி 1991 மே 21 அன்று இங்கு படுகொலை செய்யப்பட்டமை. அவ்விடத்தில் இன்று நினைவிடம் உள்ளது.

உள்ளூர் மக்களின் அன்றாட அடையாளம் இவ்விரண்டினும் வேறானது. ஏரி, மதகு, வயல், குலதெய்வம், சாதித் தெரு, ஊர்க்கூட்டம் ஆகியவற்றால் அது அமைந்திருந்தது. ஏரிகள் மிகுந்திருந்தமையால் பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரி மாவட்டம் என அழைக்கப்பட்டது. இவ்வடையாளம் அனைவருக்கும் சமமான இடம் தந்தது என்று கூறமுடியாது. ஊரும் சேரியும் பிரிந்திருந்தன. நிலம் உடையவரும் கூலிக்கு உழைத்தவரும் வெவ்வேறு சாதியினராக இருந்தனர். தொழிற்சாலைகள் கொண்டுவந்த மாற்றத்தை மதிப்பிடும்போது இதனை நினைவிற்கொள்வது அவசியம்.

தொழிற்சாலைகளின் வருகை

1971இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் இப்பகுதியில் நிலம் எடுத்துத் தொழிற்பூங்காக்களை அமைத்தது. முக்கிய கட்டங்கள் வருமாறு:

- 1998: தென்கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது.
- 2006: பின்லாந்தின் நோக்கியா நிறுவனம் திருப்பெரும்புதூரில் செல்பேசி ஆலையைத் திறந்தது.
- 2007: சாம்சங் நிறுவனத்தின் வீட்டு மின்சாதன ஆலை சுங்குவார்சத்திரம் பகுதியில் தொடங்கியது.
- 2010: ரெனோ–நிசான் கூட்டு ஆலை ஒரகடத்தில் திறக்கப்பட்டது.
- 2012: ஜெர்மனியின் டைம்லர் நிறுவனம் ஒரகடத்தில் பாரத்பென்ஸ் சரக்குந்து ஆலையைத் திறந்தது.
- 2019: தைவானின் பாக்ஸ்கான் நிறுவனம் திருப்பெரும்புதூரில் ஆப்பிள் ஐபோன்களை ஒருங்கிணைக்கத் தொடங்கியது.

இதன் விளைவாக 'சிப்காட்' என்ற அரசு நிறுவனத்தின் பெயர் பேச்சு வழக்கில் ஓர் இடப்பெயராகவே ஆகிவிட்டது. ஷிப்ட், லைன், கேன்டீன், ஓ.டி., கம்பெனி பஸ் போன்ற சொற்கள் வீட்டுப் பேச்சில் புகுந்தன. பர்மனென்ட், கான்ட்ராக்ட், டிரெய்னி, அப்ரண்டிஸ் என்ற பிரிவுகள் சம்பளத்தை மட்டும் குறிப்பவை அல்ல. திருமணப் பேச்சிலும் கடன் வாங்கும் இடத்திலும் ஒருவருடைய நிலையைத் தீர்மானிக்கும் அடையாளங்களாகவும் அவை விளங்குகின்றன.

நிறுவனப் பெயரும் தொழிலாளரும்

தொழிற்சாலை தன் தொழிலாளருக்குச் சீருடையும் அடையாள அட்டையும் தருகின்றது. இது ஒரு பெருமையாகவும் உணரப்படுகின்றது. ஆனால் அந்த அடையாளம் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பது தொழிலாளரின் கையில் இல்லை. நோக்கியாவின் வரலாறு இதற்கு எடுத்துக்காட்டு. 2014 ஏப்ரலில் அந்நிறுவனம் தன் செல்பேசித் தொழிலை மைக்ரோசாப்டிற்கு விற்றது. வரிப் பிணக்கின் காரணமாகத் திருப்பெரும்புதூர் ஆலை அவ்விற்பனையில் சேர்க்கப்படவில்லை. 2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அவர்களுள் பெரும்பகுதி பெண்கள், வேலையிழந்தனர். எட்டு ஆண்டுகள் வழக்கில் இருந்த 'நோக்கியாவில் வேலை' என்ற அடையாளம் ஒரே நாளில் பொருளிழந்தது. ரெனோ–நிசான் ஆலையில் நிசானுக்கு இருந்த பங்கை 2025இல் ரெனோ வாங்கியதும் நிறுவனப் பெயர்கள் நிலையற்றவை என்பதைக் காட்டுகின்றது.

நிறுவனப் பெயர் யாருக்கு உரியது என்ற கேள்வி சாம்சங் பிணக்கில் நேரடியாக எழுந்தது. 2024 செப்டம்பர் 9 அன்று ஆயிரத்திற்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சி.ஐ.டி.யு. ஆதரவுடன் அமைந்த தங்கள் சங்கத்திற்கு ஏற்பு வேண்டும் என்பது முக்கிய கோரிக்கை. ஊதியமும் பணிநேரமும் பிற கோரிக்கைகளாக இருந்தன. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இடம்பெறுவதை நிறுவனம் எதிர்த்தது. அது தன் வணிகப் பெயர் என்பது நிறுவனத்தின் வாதம். தாம் பணிபுரியும் இடத்தின் பெயரால் தம்மை அழைத்துக்கொள்வது இயல்பு என்பது தொழிலாளர் தரப்பின் வாதம். வேலைநிறுத்தம் அக்டோபர் நடுப்பகுதியில் முடிவுக்கு வந்தது. பதிவு விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்திற்குச் சென்றது. 2025 ஜனவரியில் 'சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்' என்ற பெயரிலேயே அது பதிவு செய்யப்பட்டது. சட்ட நோக்கில் இது 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் கீழான ஒரு பதிவு. பண்பாட்டு நோக்கில், மேலிருந்து தரப்பட்ட ஒரு பெயரைத் தொழிலாளர்கள் தம் குரலுக்கும் உரிய பெயராக ஆக்கிக்கொண்ட நிகழ்வு எனலாம்.

பெண்களும் விடுதிகளும்

இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் தமிழ்நாட்டில் உள்ளனர். மின்னணு ஆலைகளில் பெண்களே பெரும்பான்மையினர். தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களில் இருந்தும் பிற மாநிலங்களில் இருந்தும் வரும் இளம்பெண்கள் விடுதிகளில் தங்கி, நிறுவனப் பேருந்துகளில் ஆலைக்குச் சென்று திரும்புகின்றனர். தங்கள் கையில் ஊதியம், வீட்டிற்கு அனுப்பும் பணம், திருமணத்தைத் தள்ளிப்போடும் வாய்ப்பு, பிற சாதி மதத்தாருடன் ஒரே அறையில் வாழும் பட்டறிவு ஆகியவை அவர்களுக்குக் கிடைக்கின்றன. அதே வேளை, வெளியே செல்லும் நேரம், உணவு, விருந்தினர் வருகை ஆகியன பிறரால் கட்டுப்படுத்தப்படுகின்றன.

2021 டிசம்பரில் பாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர் தங்கிய விடுதி ஒன்றில் உணவு நஞ்சானதால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அதனைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தனர். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தன் தர அளவைகளுக்கு ஏற்ப இல்லை என ஆப்பிள் ஏற்றுக்கொண்டது. அதுவரை வெளியுலகின் பார்வையில் படாதிருந்த ஒரு மக்கள்திரள் அன்று தன்னைப் பொதுவெளியில் காட்டியது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பு 706.50 கோடி ரூபாய் செலவில் திறக்கப்பட்டது. வசதிகள் மேம்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆனால் பல ஊராட்சிகளின் மொத்த மக்கள்தொகையை விடப் பெரிய இக்குடியிருப்பு ஓர் ஊராக ஆகுமா, அல்லது ஆலையின் நீட்சியாகவே இருக்குமா என்பது திறந்த கேள்வி. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட புலனாய்வு, திருமணமான பெண்கள் ஐபோன் ஆலைப் பணிகளில் சேர்க்கப்படாமல் தவிர்க்கப்பட்டதாகக் கூறியது. பாக்ஸ்கான் இக்குற்றச்சாட்டை மறுத்தது. ஒன்றிய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. திருமணத்தோடு வேலை முடியும் எனில், குடும்பத்துடன் இங்கு வேரூன்றும் வாய்ப்பும் அதோடு முடிகின்றது என்பது இங்கு நோக்கத்தக்கது.

மொழியும் புதியவர்களும்

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், அசாம் முதலிய மாநிலத் தொழிலாளர்கள் கட்டுமானத்திலும் ஒப்பந்தப் பணிகளிலும் பெருமளவில் உள்ளனர். இவர்களை 'வடநாட்டவர்' என்ற ஒரே சொல்லால் குறிப்பது பொது வழக்கம். ஒடியா, வங்காளம், போச்புரி எனப் பல மொழி பேசுவோர் அச்சொல்லுக்குள் மறைந்துபோகின்றனர். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் இவர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவின. பீகார் அரசு ஓர் அதிகாரிகள் குழுவைத் தமிழ்நாட்டிற்கு அனுப்பியது. செய்தி பொய் என உறுதியானது. எனினும் ஒரு வதந்தி அவ்வளவு எளிதில் நம்பப்பட்டமை, இரு தரப்பினருக்கும் இடையே அன்றாட அறிமுகம் எவ்வளவு குறைவு என்பதைக் காட்டியது.

கொரியர்களின் நிலை வேறு. அவர்கள் மேலாளர்களாக வந்தனர். கொரிய உணவகங்களும் கொரிய எழுத்துப் பெயர்ப்பலகைகளும் தோன்றின. சென்னையில் 2006 முதல் இயங்கும் இன்கோ மையம் இந்திய–கொரியப் பண்பாட்டு நிகழ்ச்சிகளை நடத்தி வருகின்றது. அம்மா, அப்பா போன்ற சொற்கள் இரு மொழிகளிலும் ஒத்திருப்பது பரவலாகச் சுட்டப்படுகின்றது. ஹோமர் ஹல்பர்ட் 1905இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் பொதுவாக இவ்வுறவை ஏற்பதில்லை. மேலாளரின் மொழியோடு உறவு தேடும் ஆர்வம், உடன் உழைப்பவரின் மொழியை அறிவதில் அவ்வளவாகக் காணப்படவில்லை.

கிராம சபையும் ஊரார் என்ற தகுதியும்

ஊரார் யார் என்பதற்குச் சட்டம் ஒரு விடை தருகின்றது. ஓர் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளோர் அனைவரும் கிராம சபை உறுப்பினர். தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களில் மே 1, அதாவது தொழிலாளர் நாளும் ஒன்று. ஆனால் விடுதித் தொழிலாளரின் பெயர் பொதுவாகச் சொந்த ஊர்ப் பட்டியலிலேயே இருக்கின்றது. வழமையாக வசிக்கும் இடத்தில் பெயரைப் பதிவதைச் சட்டம் தடுக்கவில்லை. குறுகிய ஒப்பந்தமும் அடிக்கடி மாறும் தங்குமிடமுமே தடையாக உள்ளன. இதனால் குடிநீர், குப்பை, தெருவிளக்கு, பேருந்து பற்றிய பேச்சில் இவர்களுக்கு இடமில்லை.

கிராம சபையின் அடையாள ஆற்றலைப் பரந்தூர் விமான நிலையத் திட்டம் காட்டுகின்றது. 2022இல் திட்டம் அறிவிக்கப்பட்டதில் இருந்து ஏகனாபுரம் மக்கள் தொடர்ந்து போராடினர், கிராம சபையில் மீண்டும் மீண்டும் எதிர்ப்புத் தீர்மானங்களை நிறைவேற்றினர். இழப்பீட்டுத் தொகையைப் பற்றியது மட்டுமல்ல அவர்கள் வாதம். ஏரியும் வயலும் கோயிலும் சேர்ந்ததே தம் ஊர் என்பதும் அதில் அடங்கும்.

அயர்லாந்துடன் ஒப்பீடு

அயர்லாந்தின் நவீன அடையாளம் முதலில் பண்பாட்டு அமைப்புகளால் கட்டப்பட்டது. 1884இல் கேலிக் தடகளச் சங்கமும் 1893இல் கேலிக் கழகமும் தோன்றின. 1937 அரசியலமைப்பு ஐரிஷ் மொழியை முதல் அரச மொழியாக்கியது. அதன் பின்னரே வெளிநாட்டு முதலீடு பெருகியது. 1959இல் ஷானன் விமான நிலையத்தை ஒட்டி ஏற்பட்ட தடையற்ற வணிக வலயம் இன்றைய சிறப்புப் பொருளாதார வலயங்களுக்கு முன்னோடி. 1980இல் ஆப்பிள் கார்க் நகருக்கு வந்தது. 2022 கணக்கெடுப்பின்படி அங்கு வசிப்போரில் ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர்.

அங்கும் பிணக்குகள் உள்ளன. 2004 பொது வாக்கெடுப்பின் பின், பெற்றோர் இருவரும் வெளிநாட்டவராயின் அங்கு பிறந்தமையால் மட்டும் குடியுரிமை கிடைப்பதில்லை. ஆயினும் இரண்டு வாயில்கள் திறந்துள்ளன. கேலிக் விளையாட்டுக் கழகங்கள் ஊர் அடிப்படையில் அமைந்தவை. ஆதலால் புதியவரின் குழந்தை தான் வாழும் ஊரின் பெயரிலேயே விளையாடுகின்றது. உள்ளாட்சித் தேர்தலில் குடியுரிமை எதுவாயினும் அங்கு வசிப்போர் வாக்களிக்கலாம். ஒரே நாட்டுக் குடிமக்களாக இருந்தும் வல்லம் வடகால் விடுதிவாசிகளுக்கு நடைமுறையில் கிட்டாத இடம், அயர்லாந்தில் வெளிநாட்டவருக்குக் கிட்டுகின்றது.

மாற்றுக் கருத்துகள்

இத்தகைய ஆய்வு பழைய ஊரை மிகைப்படுத்திப் போற்றுகின்றது என்பது ஒரு விமர்சனம். நிலமற்ற குடும்பத்தின் மகளுக்குப் பழைய ஊர் தராத மதிப்பை மாத ஊதியம் தந்துள்ளது. ஆலையின் வரிசையில் சாதி கேட்கப்படுவதில்லை என்பதும் சுட்டப்படுகின்றது. மற்றொரு கருத்து, தொழிலாளர் பலர் இங்கு வேரூன்ற விரும்பி வரவில்லை, சில ஆண்டுகள் உழைத்துச் சேமித்துத் திரும்பவே வருகின்றனர் என்பது. இவ்விரு கருத்துகளிலும் உண்மை உண்டு. ஆனால் சில ஆண்டுகளே வாழ்பவருக்கும் அந்த ஆண்டுகளில் குடிநீரும் பாதுகாப்பும் மதிப்பும் தேவை.

மதிப்பீடு

மேற்கண்ட நிகழ்வுகளை ஒப்பிடும்போது ஒரு பொதுத்தன்மை புலனாகின்றது. வேலை மட்டும் தந்த அடையாளம் வேலையோடு மறைந்தது. மக்கள் பங்கெடுத்துப் பேசக்கூடிய அமைப்புகள், அதாவது சங்கம், கிராம சபை, விழா, மொழி ஆகியவை தந்த அடையாளமே நிலைத்தது. வழிப்போக்கருக்கான சத்திரத்தைத் தன் பெயரிலேயே கொண்ட ஊர் இவ்வட்டாரத்தில் உள்ளது. மந்திரத்தை அனைவருக்கும் வெளிப்படுத்தியதாக மரபு கூறும் இராமானுசரும் இவ்வட்டாரத்தில் பிறந்தவரே. எனவே வந்தவரை ஏற்கும் மரபு இங்கு இல்லாதது அன்று. விடுதிவாசிகளின் பெயர்களை உள்ளூர் வாக்காளர் பட்டியலில் சேர்த்தல், புலம்பெயர் தொழிலாளரின் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பித்தல், குடும்பத்துடன் வாழத்தக்க வீடுகளைக் கட்டுதல் ஆகியவை அம்மரபை இன்றைய நிலைக்கு நீட்டிக்கும் வழிகளாகும்.