ஈதர் போன கதை

குளத்தில் கல்லைப் போட்டால் அலை எழுகிறது. அந்த அலைக்குத் தண்ணீர் வேண்டும். ஆலைச் சங்கின் ஒலி நம் குடிசைக்கு வந்து சேரக் காற்று வேண்டும். சூரியனிலிருந்து வெளிச்சம் வருகிறதே, நடுவே காற்றுமில்லை, தண்ணீருமில்லை. அது எதன் வழியாக வருகிறது? இக்கேள்விக்கு விஞ்ஞானிகள் 200 ஆண்டுகளாகச் சொல்லி வந்த பதில்தான் “ஈதர்”.

பெயர் மிகப் பழையது. மண், நீர், தீ, காற்று ஆகிய நான்கும் கீழுலகத்துக்கு உரியவை, மாறுபவை. வானமோ மாறாத, அழியாத ஐந்தாவது பொருளால் ஆனது என்றார் கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில். சிலர் பிறவியிலேயே அடிமைகள் என்று வாதித்தவரும் அவரே! மேலே இருப்பது மாறாது என்ற போதனை ஆண்டைகளுக்கு எவ்வளவு வசதி! நம் நாட்டிலும் ஆகாயத்தை ஐந்தாம் பூதமாகக் கொண்டனர். காணாததை ஏற்கமாட்டோம், பூதங்கள் நான்கே என்ற உலகாயதர்களும் இந்நாட்டவர்தான்.

ஒளி ஓர் அலை, அதைச் சுமப்பது ஈதர் என்று 1690-ல் டச்சு விஞ்ஞானி ஹாய்கன்ஸ் எழுதினார். 19-ம் நூற்றாண்டில் யங், பிரெனல் ஆகியோர் ஒளி அலையே என்று நிலைநாட்டியதும் ஈதருக்கு மவுசு கூடிற்று. ஆனால் என்ன விந்தை! ஒளியைச் சுமக்க அது எஃகைப் போல் விறைப்பாயிருக்க வேண்டும்; கிரகங்கள் தடையின்றி ஓட ஒன்றுமே இல்லாதது போலவும் இருக்க வேண்டும்!

1887-ல் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் மைக்கெல்ஸனும் மார்லியும் இதைச் சோதித்தனர். பூமி சூரியனைச் சுற்றி விநாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஓடும் லாரியில் நிற்பவன் முகத்தில் காற்று அடிப்பது போல, பூமியின் மேல் ஈதர் அடிக்க வேண்டுமல்லவா? பாதரசத்தில் மிதந்த கல் பலகையின் மேல் கண்ணாடிகளை வைத்து, ஒளியை இரண்டாகப் பிரித்து, குறுக்கும் நெடுக்குமாக அனுப்பி, மீண்டும் சேர்த்துப் பார்த்தனர். எதிர்பார்த்த வேறுபாடு தெரியவில்லை. பலகையைச் சுழற்றினர்; அப்போதும் தெரியவில்லை. 1905-ல் ஸ்விட்ஸர்லாந்தில் பேடண்ட் ஆபீஸ் உத்தியோகஸ்தரான 26 வயது ஐன்ஸ்டீன், ஈதர் தேவையே இல்லை என்று எழுதினார்.

பௌதிகத்தின் பழைய கட்டடம் ஆட்டங்கண்ட அந்நாளில், “பொருளே மறைந்துவிட்டது” என்று சிலர் கூத்தாடினர். 1909-ல் லெனின் தமது நூலில் பதிலளித்தார். மறைவது பொருளல்ல, நம் அறிவு நேற்றுவரை எட்டிய எல்லைதான் மறைகிறது என்பது அவர் வாதம். அன்றைய எல்லையாக எலெக்ட்ரானோடு ஈதரையும் அவர் குறிப்பிட்டார். பின்னர் ஈதர் போயிற்று. லெனின் தோற்றாரா? இல்லை. எல்லா எல்லையும் தாற்காலிகமே என்று அவரே சொல்லியிருந்தார்.

ஆனால் எல்லோரும் இதை உணரவில்லை. ஹிட்லரை ஆதரித்த லெனார்ட் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, ஐன்ஸ்டீன் யூதர் என்பதற்காக அவர் கொள்கையைத் தூற்றி, ஈதரைக் கட்டிக்கொண்டு அழுதார். அது பாசிஸ்டின் புத்தி. வெட்கத்தோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாஸ்கோ சர்வகலாசாலைப் பேராசிரியர் திமிரியாஸேவ், மார்க்ஸியத்தின் பெயராலேயே ஐன்ஸ்டீனை எதிர்த்து ஈதருக்காக வாதாடினார். நம் ஆட்களின் தவறை மறைப்பதால் எவருக்கும் லாபமில்லை.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். தொழிலாளர்கள் தயாராகிவிட்டார்கள் என்று நாமே முடிவு செய்து வேலைநிறுத்தத்துக்கு அறைகூவல் விடுகிறோம். மறுநாள் ஆலை வாசலில் பத்துப் பேர்தான் நிற்கிறார்கள். அப்போது என்ன செய்கிறோம்? தொழிலாளிக்கு உணர்வு போதாது என்று கிளைக் கூட்டத்தில் திட்டுகிறோமா, நம் கணக்கு எங்கே பிசகிற்று என்று பார்க்கிறோமா? திட்டுபவர் இன்னும் ஈதரைக் காப்பாற்றிக் கொண்டிருக்கிறார். கணக்கைத் திருத்துபவரே மார்க்ஸியர். வயலிலும் ஆலையிலும் கிடைக்கும் பதிலைக் காது கொடுத்துக் கேட்போம்!