சொந்தமாக ஒரு சிறு கணினிமொழி

துவாஸ் துறைமுகம் 2022ஆம் ஆண்டு அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. அங்கே ஓட்டுநர் இல்லாத வாகனங்கள் கொள்கலன்களைச் சுமந்து செல்கின்றன. அவற்றை வழிநடத்துபவை கணினி நிரல்கள். இத்தகைய நிரல்களைச் சார்ந்து வாழப்போகும் மாணவர்கள், அவை இயங்கும் விதத்தையும் அறிய வேண்டும். அதற்குச் சிறந்த வழி, சொந்தமாக ஒரு சிறு கணினிமொழியை உருவாக்கிப் பார்ப்பதே ஆகும்.

இது எட்டாக்கனி அன்று. முத்தையா அண்ணாமலை என்ற பொறியாளர் தமிழில் நிரல் எழுதுவதற்காக ‘எழில்’ என்னும் மொழியை உருவாக்கினார். அதைப் பற்றி 2009ஆம் ஆண்டில் கட்டுரையும் வெளியிட்டார். எழிலில் ஒன்றைத் திரையில் காட்ட, ‘பதிப்பி’ என்று எழுதினால் போதும். ‘மழை பெய்தால்’ என்று தமிழில் நிபந்தனையை முதலில் சொல்வதுபோல, எழிலிலும் நிபந்தனை முன்னே வரும். ‘ஆனால்’ என்ற சொல் பின்னே வரும்.

கணினிமொழியை இயக்கும் மென்பொருள் மூன்று வேலைகளைச் செய்கிறது. ‘2 + 3 × 4’ என்பதை எடுத்துக்கொள்வோம். முதலில் அது எண்களையும் குறிகளையும் தனித்தனியே பிரிக்கும். அடுத்து, எதை எதனுடன் சேர்க்க வேண்டும் என்பதை இலக்கண விதிப்படி முடிவுசெய்யும். இறுதியாகக் கணக்கிட்டு, 14 என்ற விடையைத் தரும். பெருக்கலை முதலில் செய்யும் விதியை மாணவர் எழுத மறந்தால், விடை 20 ஆகிவிடும். கணினி தவறு செய்யவில்லை, தாம் சொன்னதையே செய்தது என்பதை அவர் அப்போது உணர்வார்.

“செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தரும்போது இந்த உழைப்பு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். 20 ஏன் தவறு என்று அறியாதவரால், இயந்திரம் எழுதித் தரும் நிரலைச் சரிபார்க்க இயலாது. தேர்வுகளுக்கிடையே நேரம் இல்லை என்பது நியாயமான கவலைதான். எனினும், முதலில் கூட்டலை மட்டும் செய்யும் மொழியை உருவாக்கலாம். பிறகு விடுமுறையில் ஒவ்வொரு வசதியாகச் சேர்க்கலாம். சிறுதுளி பெருவெள்ளம் அல்லவா?

இணையத்தில் தமிழ் இடம்பெற 1990களில் பாடுபட்ட முன்னோடிகளில் ஒருவர், சிங்கப்பூரைச் சேர்ந்த நா. கோவிந்தசாமி. பிறர் செய்து தரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. இன்றைய மாணவர்களும் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதோடு நின்றுவிடாமல், அதைப் படைப்பவர்களாகவும் வளர வேண்டும்.