பாட்டும் பாட்டுக்குரியோரும்

நாட்டுப்புறப் பாடல்களுக்கு ஆசிரியர் பெயர் இல்லை என்பது பாடநூல்கள் கூறும் இலக்கணம். பெயரே இல்லாதிருந்ததா, பாடலைப் பெற்றுக்கொண்டோர் பெயரைக் கேளாமல் விட்டனரா என்பது நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவாகும்.

2021 மார்ச்சுத் திங்களில் தீ, அறிவு ஆகிய இருவரும் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ என்னும் தனிப்பாடல் சந்தோஷ் நாராயணன் இசையில் வெளிவந்தது. திரைப்படத்தின் துணையின்றியே யூடியூபில் 40 கோடிக்கும் மேற்பட்ட முறை அது பார்க்கப்பட்டுள்ளது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமின்றித் தாயகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வே அப்பாடலுக்கு ஊற்று என்றார் அறிவு. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாத்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அம்மக்களின் குரலை உலகம் கேட்டது அரிய பேறே.

ஆயினும், 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அறிவு இடம்பெறவில்லை. கண்டனம் எழுந்த பின்னரே அவருக்குத் தனி அட்டை வந்தது. 2022 சூலை 28இல் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் அப்பாடல் ஒலித்தபோதும் அவர் மேடையில் இல்லை. ஆக்கத்தில் யார் பங்கு எவ்வளவு என மூவரும் தத்தம் விளக்கங்களை வெளியிட்டனர். 2024 மார்ச்சில், மூவருமே அப்பாடலால் ஒரு காசும் பெறவில்லை எனச் சந்தோஷ் நாராயணன் அறிவித்தார்.

இது புகழ்பெற்றோரின் பூசல் என ஒதுக்குவாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் உரிமைத்தொகையை உறுதிசெய்த 2012ஆம் ஆண்டுத் திருத்தமும் துணையிருந்தும் பெயர்பெற்றோர் நிலை இதுவாயின், தேன்கனிக்கோட்டையிலும் கெலமங்கலத்திலும் களையெடுத்தபடி பாடிய மூதாட்டியரின் நிலை என்ன? தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லைப்புறம் நம்முடையது. வயல்கள் சிப்காட் வளாகங்களாயின. பேத்தியர் ஆலைப் பேருந்தேறி ஷிப்டு வேலைக்குச் செல்கின்றனர். வேலைப்பாட்டு, வேலையோடு மறைகிறது.

‘பொதுச்சொத்துக்கு உரிமையாளர் ஏது?’ என்பர் சிலர். ஊர்ப் பொதுக்கிணறும் பொதுவே. ஆயினும் வெளியார் குழாயிட்டு நீரை விற்றால் ஊரார் வாளாவிருப்பரோ? இயற்றியவர் யாரென்று அறியோம். காத்துவைத்துப் பாடுபவரை அறிவோம். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு பணித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். பாடுதலும் உழைப்பே. கிஸ்ஸாவும் முனாஜாத்தும் நாமாவும் தமிழுக்கு ஈந்த சமுதாயம், தப்ஸ் கொட்டிப் பாடிய பக்கீர்மாருள் எத்தனை பேரின் பெயரை எழுதி வைத்திருக்கிறது?

ஆகவே, களப்பணி செல்லும் நம் மாணவர்கள் பாடலைப் பதியுமுன் பாடுவோரின் இசைவைப் பெறுக. பெயர், ஊர், நாள் ஆகியவற்றைப் பாடலோடு சேர்த்தே எழுதுக. அச்சாகும் நூலின் படியொன்றை அவர் கையில் சேர்க்க. வருவாய் வரின் அவர் பங்கை முதலில் ஒதுக்குக. துறைதோறும் இதனை விதியாக்குமாறு ஆசிரியப் பெருமக்களையும், இப்பணிக்குத் துணைநிற்குமாறு சமுதாயப் பெரியோரையும் வேண்டுகிறோம்.