வயதை மட்டும் நம்பித் திறக்காதீர்கள்

குழந்தைகளைக் கொரோனா அவ்வளவாகத் தொற்றாது, பள்ளிகளையும் முகாம்களையும் தயங்காமல் திறக்கலாம் என்ற வாதம், 2020 ஜூனில் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் நடந்ததைக் கண்டுகொள்வதே இல்லை. அங்கே ஒரு கோடை முகாமில், சோதனை முடிவு தெரிந்த 344 பேரில் 260 பேருக்குத் தொற்று. ஆறிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகளும் தப்பவில்லை. எல்லோரும் தொற்றில்லை என்ற சான்றோடுதான் வந்தார்கள். ஆனால் அது பன்னிரண்டு நாள் வரை பழையதாக இருக்கலாம். சிறுவர்களுக்கு முகக்கவசம் கட்டாயமில்லை, காற்றோட்டத்துக்குச் சன்னல்களைத் திறக்கும் ஏற்பாடில்லை, போதாததற்கு உரக்கப் பாட்டும் ஆரவாரமும்.

பிள்ளைகளுக்கு லேசாகத்தானே வரும் என்பார்கள். அந்தப் பிள்ளை திரும்பிப் போகும் வீட்டில் தாத்தாவும் பாட்டியும் இருக்கலாமே! அப்படியானால் எல்லாவற்றையும் பூட்டிவிடுவதா? இல்லை. அதே கோடையில் மெய்ன் மாநிலத்தின் நான்கு முகாம்களில் 1,022 பேர் கூடினார்கள். திரும்பத் திரும்பச் சோதனை, சிறு குழுக்கள், முகக்கவசம், தனிமைப்படுத்தல். தொற்று தெரிந்தது மூவருக்கு; அவர்களிடமிருந்து முகாமில் வேறு எவருக்கும் பரவவில்லை.