பிக் ஈஸ்ட் பெண்கள் கூடைப்பந்து: பதினோரு கல்லூரி ரசிகர்களின் கோரிக்கைச் சாசனம்

பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸில் ஆடும் பதினோரு அமெரிக்கக் கல்லூரிகளின் பெண்கள் கூடைப்பந்து ஆட்டங்களுக்குச் சீட்டு வாங்கி வருகிறவர்கள் நாங்கள். அந்தக் கல்லூரிகளில் படித்தவர்கள், வீராங்கனைகளைப் பெற்றவர்கள், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பனிக்காலத்து இரவில் அரங்குக்கு வரும் அப்பாக்கள் எல்லோரும் இதில் இருக்கிறோம். யூகான் என்று எல்லோரும் அழைக்கும் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ரசிகர்களும் எங்களோடு நிற்கிறார்கள். இந்தச் சாசனம் யூகானுக்கு எதிரானது அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அதைச் சொல்ல வேண்டிய நிலை இருக்கிறது.

யூகான் பெண்கள் அணி 1995 முதல் 2025 வரை 12 முறை தேசியப் பட்டம் வென்றது. 2014 நவம்பரில் தொடங்கி 2017 மார்ச் இறுதிவரை தொடர்ந்து 111 ஆட்டங்களில் வென்றது. 2013 முதல் 2020 வரை வேறொரு கான்ஃபரன்ஸில் இருந்தபோது அதற்குள் ஆடிய 139 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 2020-இல் பிக் ஈஸ்ட்டுக்குத் திரும்பிய பிறகு, 2022 பிப்ரவரி 9 அன்று ஹார்ட்ஃபோர்டில் வில்லனோவா அணி 72-69 என்று அதை வீழ்த்தியது. அன்று முடிவுக்கு வந்தது, கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் 169 தொடர் வெற்றிகளின் வரிசை. 2024-25 பருவத்தில் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் யூகான் மீண்டும் 18-0. அந்த ஆண்டு தேசியத் தொடரில் ஆடிய 68 அணிகளில் பிக் ஈஸ்ட்டைச் சேர்ந்தவை இரண்டே: யூகான், க்ரைட்டன்.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, யூகான் வேறெங்காவது போய்விட்டால் நல்லது என்று பேசுகிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. 1985-இல் ஜீனோ ஆரியெம்மா பயிற்சியாளராக வந்தபோது அந்த அணி தன் வரலாற்றில் ஒரே ஒரு பருவத்தில்தான் தோல்விகளைவிடக் கூடுதலாக வெற்றி கண்டிருந்தது. அவருடைய முதல் பருவமே 12 வெற்றி, 15 தோல்வி. கூரை ஒழுகும் பழைய கூடத்தில்தான் ஆடினார்கள். 1990-இல் புதிய அரங்கம் கட்டப்பட்டது. 1994-இல் அந்த மாநிலத்தின் பொதுத் தொலைக்காட்சி அவர்களுடைய ஆட்டங்களை ஒளிபரப்பத் தொடங்கியது. அந்தப் பருவத்திலேயே 35-0 என்று முதல் பட்டம் வந்தது. ஆட நல்ல இடம் கொடுத்து, வீடுகளுக்குக் கொண்டுபோய்க் காட்டி, பத்தாண்டுகள் காத்திருந்தார்கள். அது மற்றப் பத்து அணிகளுக்கும் செய்யப்பட வேண்டும். எங்கள் கோரிக்கைகள் எல்லாம் இதிலிருந்து பிறந்தவை.

கான்ஃபரன்ஸ் தொடரைக் கனெக்டிகட் மாநிலத்துக்கு வெளியே கொண்டுவர வேண்டும். இதுவே எங்கள் முதல் கோரிக்கை. யூகான் திரும்பிய நாள் முதல் பெண்கள் தொடர் அன்காஸ்வில்லில் உள்ள மொஹிகன் சன் அரங்கில் நடந்து வருகிறது. யூகான் மாணவர்கள் தங்கள் வளாகம் இருக்கும் ஸ்டோர்ஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் காரில் வந்து சேர்ந்துவிடுவார்கள். க்ரைட்டன் ரசிகர்கள் நெப்ராஸ்காவின் ஒமாஹாவிலிருந்து பாதி நாட்டைக் கடந்து வர வேண்டும். ஆண்கள் தொடரோ 1983 முதல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் நடக்கிறது. எல்லோரும் ஆட ஆசைப்படும் இடம் அது. பெண்கள் தொடரும் ஒரு காலத்தில் வெளியே நடந்ததுதான். 2003-இல் நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் நடந்த இறுதிப்போட்டியில் இதே வில்லனோவா 52-48 என்று வென்று யூகானின் 70 ஆட்ட வெற்றி வரிசையை முடித்தது. அதற்கு அடுத்த ஆண்டே தொடர் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டுக்குப் போனது. வெளியே நடந்ததால்தான் வில்லனோவா வென்றது என்று நாங்கள் சொல்லவில்லை. ஹார்ட்ஃபோர்டிலும் யூகான் தோற்றிருக்கிறது. ஆனால் பத்து அணிகள் ஆண்டுதோறும் அடுத்தவர் வீட்டு முற்றத்தில் பட்டத்துக்கு ஆடுவது முறையல்ல. நியூயார்க், பிலடெல்ஃபியா, சிகாகோ, மில்வாக்கி என்று சுழற்சியில் நடத்துங்கள். பெரிய அரங்குகளின் மார்ச் மாதத் தேதிகள் ஆண்டுகளுக்கு முன்பே போய்விடுகின்றன. இப்போதே பதிவு செய்யாவிட்டால் இன்னும் சில ஆண்டுகள் இதே இடம் என்றாகிவிடும்.

பெரிய ஆட்டம் பெரிய அரங்கில் நடக்க வேண்டும். சீட்டன் ஹால் ஆண்கள் அணிக்கு நியூவார்க்கின் புருடென்ஷியல் சென்டர். பெண்கள் அணிக்கு 2,000 பேர்கூட உட்கார முடியாத வால்ஷ் கூடம். மார்கெட் ஆண்கள் ஆடுவது 17,000 பேர் அமரும் ஃபைசெர்வ் ஃபோரத்தில். பெண்களுக்கு ஏறத்தாழ 4,000 இருக்கைகள் கொண்ட அல் மெக்கைர் சென்டர். ஜார்ஜ்டவுனிலும் க்ரைட்டனிலும் இதே பிரிவினை. சிறிய கூடத்தின் நெருக்கத்தை நாங்கள் வெறுப்பவர்கள் அல்ல. அங்கே எழும் சத்தம் எங்களுக்குப் பிடித்தது. ஆனால் யூகான் வரும் நாளில் கதவுக்கு வெளியே ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது என்று மறுநாள் சொல்லக் கூடாது. ஒவ்வொரு கல்லூரியும் பருவத்துக்கு இரண்டு பெண்கள் ஆட்டங்களையாவது ஆண்கள் ஆடும் அரங்கில் நடத்த வேண்டும். அதில் ஒன்று யூகானோடு இருக்கட்டும். மற்றொன்று அந்தக் கல்லூரி விரும்பும் எதிரணியோடு. கோடையில் கால அட்டவணை போடும்போது எடுக்க வேண்டிய முடிவு இது. அரங்கத்துக்குப் புதிதாக ஒரு செங்கல்கூட வைக்க வேண்டியதில்லை.

தொலைக்காட்சியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. கனெக்டிகட்டின் பொதுத் தொலைக்காட்சி 1994 முதல் 2012 வரை யூகான் பெண்கள் ஆட்டங்களை இலவசமாகக் காட்டியது. ஆன்டெனா இருந்த எந்த வீட்டிலும் பாட்டியும் பேத்தியும் சேர்ந்து பார்க்கலாம். வீராங்கனைகளின் பெயர்கள் மளிகைக் கடை வரிசையில் பேசப்பட்டன. ஒரு மாநிலமே அந்த அணியைத் தன் வீட்டுப் பிள்ளைகளாக எண்ணியது அப்படித்தான். இன்று பிராவிடன்ஸ் அணியோடு சேவியர் அணி மோதும் ஆட்டத்தை ஒரு பத்து வயதுச் சிறுமி தற்செயலாகப் பார்த்துவிட வழியில்லை. எந்தச் செயலியில் வருகிறது என்று தெரிந்து, மாதச் சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே ஆட்டம் கிடைக்கிறது. பார்க்க ஆள் இல்லை என்ற சாக்கு 2024 ஏப்ரல் 7 அன்று செத்துவிட்டது. அன்று சவுத் கரோலைனாவும் அயோவாவும் மோதிய பெண்கள் இறுதிப்போட்டியைச் சராசரியாக 1.89 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஆண்கள் இறுதிப்போட்டிக்கு 1.48 கோடி. ஒவ்வொரு கல்லூரியின் சொந்த ஊரிலும் அதன் பெண்கள் அணியின் ஆட்டங்களில் பாதியாவது அந்த ஊர்ப் பொதுத் தொலைக்காட்சியிலோ இலவச அலைவரிசையிலோ வர வேண்டும். இனிக் கையெழுத்தாகும் ஒவ்வொரு ஒளிபரப்பு ஒப்பந்தத்திலும் இந்த உரிமையைத் தனியே எழுதி வைக்க வேண்டும். ஒருமுறை எழுதாமல் விட்டால் அடுத்த ஒப்பந்தம் வரும்வரை வாய் திறக்க முடியாது. அதற்குள் இன்று பந்தைத் தொட்ட சிறுமி கல்லூரியையே முடித்திருப்பாள்.

தேசியத் தொடரில் பெண்கள் சம்பாதித்த பணம் பெண்கள் கூடைப்பந்துக்கே வர வேண்டும். இந்தப் பணம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் ரசிகர்களில் பலருக்கு இது தெரியாது. தேசியத் தொடரில் ஓர் அணி முன்னேறும் ஒவ்வொரு சுற்றுக்கும் அதன் கான்ஃபரன்ஸுக்கு, அந்தத் தொடரை நடத்தும் தேசிய அமைப்பான என்சிஏஏ ஒரு பங்கு தருகிறது. ஆண்களுக்கு இது 1991-இலேயே தொடங்கியது. பெண்களுக்கு 2025 ஜனவரியில்தான், அதுவும் ஒருமனதான வாக்கெடுப்பில், ஒப்புதல் கிடைத்தது. எதிர்க்க ஒருவர்கூட இல்லாத ஒரு காரியத்துக்கு 34 ஆண்டுகள் ஏன் ஆயின என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. முதல் ஆண்டுத் தொகை 1.5 கோடி டாலர், மூன்றாம் ஆண்டில் 2.5 கோடி. ஆனால் 2024-இல் போட்ட எட்டாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தில் பெண்கள் கூடைப்பந்தின் மதிப்பு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 6.5 கோடி டாலர் என்று என்சிஏஏவே சொன்னது. இந்தப் பங்கைக் கல்லூரிகளுக்கு எப்படிப் பிரிப்பது என்று முடிவு செய்வது கான்ஃபரன்ஸ். யூகான் சுற்றுக்குச் சுற்று முன்னேறும்போது வருவது பதினோரு கல்லூரிகளுக்குமான பணம். இத்தனை ஆண்டுகள் மற்றவர்களுக்குச் சுமையாகத் தெரிந்த ஆதிக்கம் முதல்முறையாக எல்லோருக்கும் வருமானமாக மாறியிருக்கிறது. அதைக் கல்லூரியின் பொதுப் பெட்டியில் போட்டுக் கரைத்துவிடக் கூடாது. பெண்கள் கூடைப்பந்துக்கென்று தனிக் கணக்கு வேண்டும். பெரும்பகுதி சமமாகப் பிரிக்கப்பட வேண்டும். எந்தக் கல்லூரி எதற்குச் செலவிட்டது என்பது ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். பணம் வரத் தொடங்கிய முதல் ஆண்டுகளில் வகுக்கும் முறைதான் நிலைத்துவிடும் என்பதால் இதைத் தள்ளிப்போட இடமில்லை.

இதே வெளிப்படைத்தன்மை வீராங்கனைகளுக்குக் கல்லூரியே நேரடியாகத் தரும் பணத்திலும் வேண்டும். நீதிமன்றம் ஏற்ற உடன்படிக்கையின்படி 2025 ஜூலை 1 முதல் ஒரு கல்லூரி தன் விளையாட்டு மாணவர்களுக்குப் பணம் பிரித்துத் தரலாம்; முதல் ஆண்டின் உச்சவரம்பு 2.05 கோடி டாலர். பழைய நிலுவைகளைப் பிரிக்க அந்த உடன்படிக்கை வகுத்த கணக்கில் பெண்கள் கூடைப்பந்துக்கு வந்தது ஏறத்தாழ 5 சதவீதம்; முக்கால் பங்கு அமெரிக்கக் கால்பந்துக்குப் போனது. அந்தக் கணக்கைப் பிக் ஈஸ்ட்டில் யாரும் பின்பற்றக் காரணமே இல்லை. இங்கே பதினொன்றில் பத்துக் கல்லூரிகளுக்கு உயர்மட்டக் கால்பந்து அணி கிடையாது. கூடைப்பந்துதான் இந்தக் கான்ஃபரன்ஸின் உயிர். ஆண்கள் அணிக்கு எவ்வளவு, பெண்கள் அணிக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு கல்லூரியும் தொகையை வெளியே சொல்ல வேண்டும். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம், டைட்டில் நைன், 1972 ஜூன் 23-இல் கையெழுத்தானது. அதன் மூல வாக்கியம் ஆங்கிலத்தில் 37 சொற்கள்தாம். அரைநூற்றாண்டு கடந்த பிறகும் அந்த 37 சொற்களுக்கு உரை எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை.

ஒரே கல்லூரியின் ஆண்கள் அணி எப்படிப் பயணிக்கிறதோ, எந்த விடுதியில் தங்குகிறதோ, எத்தனை பிசியோதெரபிஸ்ட்டுகளை வைத்திருக்கிறதோ, அதேபோல் பெண்கள் அணிக்கும் வேண்டும். இரவு ஆட்டம் முடிந்து மறுநாள் காலை வகுப்பில் உட்கார வேண்டியவர்கள் இருவரும்தான்.

என்சிஏஏவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2024-இல் போர்ட்லண்டில் நடந்த தேசியத் தொடரின் மண்டலச் சுற்றில் ஆடுகளத்தின் இரு முனைகளிலும் மூன்று புள்ளிக் கோடு ஒரே தூரத்தில் இல்லை. அங்கே நான்கு ஆட்டங்கள் முடிந்த பிறகே அது கண்டுபிடிக்கப்பட்டது. ஐந்தாவது ஆட்டமும் அந்தக் கோட்டோடே நடந்தது. அதே மாதம் ஸ்போக்கேனில் ஆட வந்த யூட்டா அணிக்கு ஊருக்குள் விடுதி கிடைக்காமல் பக்கத்து மாநிலமான ஐடஹோவில் தங்க வைத்தார்கள். அங்கே அந்த வீராங்கனைகள் தெருவில் இனவெறி வசைகளைக் கேட்க நேர்ந்தது. ஆடுகளத்தை அளக்க ஒரு நாடா போதும். விடுதி அறைகள் இல்லாத ஊருக்குத் தொடரைக் கொடுக்காமல் இருந்தால் போதும். ஒவ்வொரு ஊரிலும் முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள் களத்தை அளந்து கையெழுத்திட வேண்டும் என்பதையும், எல்லா அணிகளும் ஆட்டம் நடக்கும் ஊரிலேயே தங்க வேண்டும் என்பதையும் விதியாக எழுதுங்கள்.

இவையெல்லாம் நடக்கக் காலம் பிடிக்கும் என்று சொல்லப்போகிறவர்களுக்கு 2021 மார்ச்சை நினைவூட்டுகிறோம். தேசியத் தொடருக்காகச் சான் அன்டோனியோவில் கூடிய 64 பெண்கள் அணிகளுக்கு உடற்பயிற்சிக்கென்று வைக்கப்பட்டிருந்தது ஓர் அடுக்கு டம்பெல்கள். இண்டியானாபொலிஸில் ஆண்களுக்குப் பெரிய கூடம் நிறையக் கருவிகள். ஓரிகான் அணி வீராங்கனை ஒருவர் அதைப் படமெடுத்து வெளியிட்டார். இடம் போதவில்லை என்று முதலில் பதில் வந்தது. அவர் தன் கேமராவைத் திருப்பி, பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைக் காட்டினார். இரண்டு நாளில் கருவிகள் வந்து இறங்கின. ஆண்கள் தொடருக்கு மட்டும் இருந்த 'மார்ச் மேட்னஸ்' என்ற பெயர் அடுத்த ஆண்டே பெண்கள் தொடருக்கும் வந்தது. அணிகள் 68 ஆயின. நடுவர்களின் ஊதியமும் சமமானது. பிக் ஈஸ்ட்டின் தலைமைப் பொறுப்பை 2013-இல் ஏற்ற வால் ஆக்கர்மன், அதே ஆண்டு என்சிஏஏவுக்காகப் பெண்கள் கூடைப்பந்தை வளர்க்கும் வழிகளைப் பற்றி ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தவர். இன்னொரு குழு அமைத்து இன்னொரு அறிக்கை வாங்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

பருவம் நவம்பர் முதல் வாரத்தில் தொடங்குகிறது. அதற்கு முன் பதினோரு கல்லூரித் தலைவர்களும் கான்ஃபரன்ஸ் அலுவலகமும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே அதை நிறைவேற்றும் தேதியை எழுதி, கையெழுத்திட்டு, தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். செய்ய முடியாதது என்று ஒன்றைக் கருதினால் அதற்கான காரணத்தை அதே தாளில் எழுதட்டும். அந்தத் தாளின் நகல்களை முதல் ஆட்டத்தன்று பதினோரு அரங்குகளின் வாசலிலும் நின்று நாங்களே விநியோகிப்போம். தேதி எழுதப்படாத இடங்களை வெறுமையாகவே அச்சிடுவோம்.