கடை ஏடும் பாங்கு ஏடும்

காவிரிப் பாசன நாட்டில் வியாபாரம் என்பது நெல்லின் பின்னே நடப்பது. குறுவையோ சம்பாவோ களத்துமேட்டுக்கு வந்த பிறகுதான் மயிலாடுதுறைப் பட்டமங்கலத் தெருவிலும் மகாதானத் தெருவிலும் பழைய பாக்கிகள் வசூலாகும். கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்ட விவசாயிக்குப் பணம் அவருடைய பாங்குக் கணக்கிலே வந்து சேர்கிறது. அங்கிருந்து அது செக்காகவோ கைப்பேசி வழியாகவோ உரக்கடைக்காரரின் கணக்குக்கும், ஜவுளிக்கடைக்காரரின் கணக்குக்கும் போகிறது. கல்லாப் பெட்டியில் விழுந்த பணம் இப்போது பாங்கின் ஏட்டில் விழுகிறது. ஆனால் அந்த ஏட்டையும் தமது நாள்வழியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் நம் சிறு வியாபாரிகளில் பலரிடம் இன்னும் ஏற்படவில்லை. இதை அற்ப விஷயமென்று தள்ளிவிடுவதற்கில்லை.

பாங்கு நமக்குப் புதிதன்று. 1904ஆம் வருஷத்திலேயே கும்பகோணம் பாங்கு என்ற பெயரில் இந்த டெல்டாவின் சொந்த ஸ்தாபனம் ஒன்று தோன்றி, இன்று சிட்டி யூனியன் பாங்கு என்ற பெயரில் நடந்து வருகிறது. பாங்கில் பணம் போடக் கற்றுக்கொண்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. பாங்கின் கணக்கைச் சோதிக்கக் கற்றுக்கொள்வதில்தான் தாமதம்.

இரண்டு ஏடுகளும் ஒரே தொகையைக் காட்டுவது அபூர்வம். அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. நாம் கொடுத்த செக்கை வாங்கியவர் இன்னும் பாங்கில் போடாதிருக்கலாம். நாம் போட்ட செக்கு இன்னும் வசூலாகாதிருக்கலாம். பாங்கு தன் கட்டணத்தையும் வட்டியையும் நமக்குத் தெரியுமுன்பே பற்று எழுதியிருக்கலாம். வாடிக்கைக்காரரின் செக்கு பணமின்றித் திரும்பியிருக்கலாம். இவற்றையெல்லாம் வரிசையாகக் குறித்துக் கூட்டிக் கழித்தால் இரண்டும் ஒத்துவர வேண்டும். அப்படியும் பத்து ரூபாய் உதைக்குமானால், பத்து ரூபாய்தானே என்று விட்டுவிடலாகாது. ஆயிரம் ரூபாய் வரவு விட்டுப்போனதும், 990 ரூபாய் பற்று விட்டுப்போனதும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு, மிச்சமாகத் தலைகாட்டுவது அந்தப் பத்து ரூபாயாக இருக்கலாம்.

இதைக் கவனியாமல் விட்டால் என்னவாகும் என்பதற்கு மங்களூரில் நடந்த ஒரு வழக்கே போதுமான சான்று. அங்கே கனரா ஸேல்ஸ் கார்ப்பொரேஷன் என்ற கம்பெனிக்குக் கனரா பாங்கில் கணக்கிருந்தது. செக்குப் புத்தகத்தைப் பத்திரப்படுத்தியவரும், கணக்கை எழுதியவரும் ஒருவரே. அவர் கம்பெனியின் தலைமைக் கணக்கர். மானேஜிங் டைரெக்டரின் கையெழுத்தைப் போலியாக இட்ட 42 செக்குகள் பாங்கில் பணமாக்கப்பட்டன. போன தொகை 3 லக்ஷத்து 26 ஆயிரம் ரூபாய்க்கு மேல். 1961ல் விஷயம் வெளிப்பட்டது. கம்பெனி பாங்கின்மேல் வழக்குத் தொடுத்தது. “பாஸ் புத்தகத்தைப் பார்த்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்குமே, இத்தனை காலம் வாளாவிருந்துவிட்டு இப்போது எங்களைக் கேட்பது நியாயமா?” என்பது பாங்கின் வாதம்.

சுப்ரீம் கோர்ட்டு 1987ல் அந்த வாதத்தை ஏற்கவில்லை. போலிக் கையெழுத்துள்ள செக்குக்குப் பணம் கொடுக்கப் பாங்குக்கு அதிகாரமே இல்லை. தனி ஒப்பந்தம் இருந்தாலன்றி, பாங்கு அனுப்பும் கணக்கைச் சோதித்துச் சொல்ல வேண்டிய கடமை வாடிக்கைக்காரருக்குக் கிடையாது. வெறும் கவனக்குறைவு அவருடைய உரிமையைப் போக்கிவிடாது என்று தீர்ப்பளித்தது. நீதி இதுவே என்பதில் ஐயமில்லை. ஆயினும் வியாபாரிகள் கவனிக்க வேண்டியது வேறொன்று. மோசடி வெளிப்பட்டதற்கும் முடிவான தீர்ப்புக்கும் இடையே 26 வருஷங்கள் கழிந்தன. ஒரு பெரிய கம்பெனி அத்தனை காலம் வழக்காடித் தாங்கலாம். கூறைநாட்டில் பத்துத் தறிக்காரர்களுக்கு நூல் கொடுத்துப் புடவை வாங்கும் சிறு வியாபாரி தாங்குவாரா? சட்டம் அவருடைய உரிமையைக் காப்பாற்றும். அதற்குள் கடை மூடிப் போயிருக்கும்.

மேலும், கவனக்குறைவை மன்னிக்கும் காலமும் குறுகி வருகிறது. கணினி வழிப் பணப் பரிமாற்றத்தில் நடக்கும் மோசடிகளைப் பற்றி ரிஸர்வ் பாங்கு 2017ஆம் வருஷம் ஜூலையில் வெளியிட்ட உத்தரவில், பாங்கும் வாடிக்கைக்காரரும் குற்றமற்றிருக்கும்போது, தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் முறையிட்டால்தான் வாடிக்கைக்காரருக்கு நஷ்டமே இல்லை என்று விதித்தது. ஏழு நாள் வரையில் ஒரு வரம்புக்குட்பட்ட நஷ்டத்தை அவர் ஏற்க வேண்டும். அதற்கு மேலானால் அந்தந்தப் பாங்கின் கொள்கைப்படி. பணமின்றித் திரும்பிய செக்கின் சங்கதியும் அப்படியே. பாங்கிலிருந்து தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்கத் தவறினால் அந்தத் தடவை செக்கு திரும்பியதைக் கொண்டு கிரிமினல் வழக்குத் தொடரும் வழி அடைபட்டுப் போகும். வருஷ முடிவில் ஆடிட்டரிடம் மூட்டையாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் கணக்கு இந்தக் கெடுக்களுக்கு உதவுமா?

“கம்ப்யூட்டர் தப்புப் போடுமா?” என்று கேட்போரும் உண்டு. பிரிட்டனில் தபாலாபீஸ் கிளைகளை நடத்திய சிறு கடைக்காரர்கள் பட்ட பாட்டை அவர்கள் அறிய வேண்டும். ‘ஹொரைஸன்’ என்ற கணினிக் கணக்கு காட்டிய பற்றாக்குறையை நம்பி, 1999 முதல் 2015 வரையில் 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். அவர்களில் இந்திய வம்சாவளியினரும் உண்டு. அந்தக் கணினி பிழையுள்ளது என்று 2019ல் ஹைகோர்ட்டு கண்டது. 2024ல் பார்லிமெண்டே சட்டமியற்றித் தீர்ப்புகளை ரத்துச் செய்தது. பிறர் ஏட்டை மட்டும் நம்பியிருப்பவன் பிறர் பிழைக்கும் பதில் சொல்ல நேரும் என்பதே இதன் படிப்பினை. ஒழுங்காக எழுதிவரும் கணக்குப் புத்தகத்தைச் சாக்ஷியமாக நம் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. எழுதாத புத்தகத்தை எந்தக் கோர்ட்டும் ஏற்காது.

ஆகவே நம் வியாபாரிகளுக்கு நாம் சொல்வது இதுதான். மாதம் ஒருமுறையேனும், கூடுமானால் வாரம் ஒருமுறை, இரண்டு ஏடுகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, வித்தியாசத்துக்குக் காரணம் எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். செக்கு எழுதும் குமாஸ்தாவையே கணக்கை ஒப்பிடவும் விடாதீர்கள். அவர் நல்லவராயினும் அது அவருக்கும் பாதுகாப்பு. ஆள் வைக்க வசதியில்லாத கடையில் முதலாளியோ, வீட்டில் படித்த மகளோ அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

பாங்குகளுக்கும் ஒரு கடமை உண்டு. பாஸ் புத்தகத்தில் சுருக்க எழுத்துக்களைப் புதிர்போல அச்சிட்டுவிட்டு, “பார்க்கவில்லையே” என்று வாடிக்கைக்காரரைக் குறை கூறுவது தகாது. எந்தக் கட்டணம், எதற்காக, யாரிடமிருந்து வந்த வரவு என்பவற்றைத் தமிழில் தெளிவாகத் தர வேண்டும். மயிலாடுதுறை 2020 முதல் தனி ஜில்லாவின் தலைநகரம். இங்குள்ள வர்த்தகர் சங்கங்கள் ஒன்றுகூடி இந்தக் கோரிக்கையைப் பாங்கு அதிகாரிகளின் முன் வைப்பதும், கணக்கொப்பிடும் முறையைச் சிறு கடைக்காரர்களுக்குக் கற்பிப்பதும் அவசியம்.

களத்தில் நெல்லை மரக்கால் மரக்காலாக அளந்து வாங்கிய பரம்பரை நம்முடையது. நெல் பணமாகிப் பாங்குக்குப் போன பிறகும் அளப்பதை நிறுத்தலாகாது.